கண்ணீர்ப் படத்தில் சிரித்தவர்

சிரித்தது என்னவோ ஒரே தடவைதான். வேண்டுமென்றும் சிரிக்கவில்லை. ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கின் சிரிப்பு அடக்கமான சிரிப்பு இல்லை. முதலில் மூக்கு வழியாக ஒரு சீறல் வரும். அப்புறம் கொஞ்சம் அமைதி. சரி, மனிதர் அடங்கிவிட்டார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சு விடும்போது அடிவயிற்றிலிருந்து ஓர் இடி கிளம்பும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் கிளம்பியது அந்த ரகம். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து உட்கார்ந்தது. பின்வரிசையில் யாரோ கிளுக்கென்றார்கள். அப்புறம் அரங்கம் மொத்தத்துக்கும் தொற்றிக்கொண்டது.

பிரச்சினை என்னவென்றால், அது கண்ணீர்ப் படம்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. படம் தொடங்குமுன் திரையில் சான்றிதழே காட்டினார்கள். 'பொழுதுபோக்குத் தரநிர்ணய வாரியம் இதனைக் கண்ணீர்ப் படம், முதல் தரம் எனச் சான்றளிக்கிறது. பார்வையாளர்கள் ஒத்துழைக்கவும்.' எந்தப் படம் வந்தாலும் வாரியம் முதலில் பார்க்கும். இது கண்ணீர்ப் படம், இது சிரிப்புப் படம், இது நடுக்கப் படம் என்று முடிவு கட்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் பார்க்கலாம். எதிலும் சேராத அளவுக்கு ஒருவர் எடுத்து வைத்தால் 'கேலிக்குரிய படம்' என்று முத்திரை விழும். முத்திரை விழுந்த படத்தை எந்த அரங்கும் தொடாது. பணம் கொடுத்து உட்கார்ந்த பிறகு என்ன உணர்வது என்று தெரியாமல் மக்கள் திண்டாடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஏற்பட்ட ஏற்பாடு அது.

மெக்கானிக் சிரித்த இடம் படத்தின் உச்சக்கட்டம். கதாநாயகனை வில்லனின் ஆட்கள் சல்லடையாகச் சுட்டுவிடுகிறார்கள். அவன் சாகவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கிறான், அம்மாவுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை பேச. சிக்னல் இல்லை. எதிரே ஒரு மலை. ஏறத் தொடங்குகிறான். பாதி மலையில் ஒரு குண்டு தானாக உடம்பை விட்டு வெளியே வந்து, உருண்டு உருண்டு கீழே போகிறது. அதை அவன் திரும்பிப் பார்க்கிறான்.

அவன் குண்டைப் பார்த்த பார்வையில்தான் மெக்கானிக் விழுந்தார்.

டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. வாரியத்தின் உணர்ச்சிக் கண்காணிப்பாளர் நின்றுகொண்டிருந்தார். "கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றார், மருத்துவமனையில் பேசுகிற மெல்லிய குரலில்.

மெக்கானிக் எழுந்தார். பக்கத்து இருக்கையில் கைக்குட்டையை முகத்தில் அழுத்தியபடி இருந்த அவர் மனைவியும் எழுந்தாள். அவள் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. அரங்கத்தில் வாரியத்தின் சான்றிதழுக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்த ஒரே ஜீவன் அவள்தான்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தடித்தடியான ஆண்கள் அவள் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முனகுவார்கள். அவள் முகத்தில் ஒரு நரம்பு அசையாது. வாரம் பூராவும் அடுத்தவர்களை அழவைப்பவள், ஞாயிறு மதியம் இருட்டில் உட்கார்ந்து தன் பங்கை அழுது தீர்த்துவிட்டு வருவாள். முகமெல்லாம் வீங்கி, மனசு லேசாகி, வீட்டுக்கு வந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடிப்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் நடைமுறை. மெக்கானிக்குக்கு அந்தப் பாட்டு பிடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி மடிபடாமலே கிடந்தது.

"ஏம்மா, நான் வேணும்னா சிரிச்சேன்?" என்றார்.

பதில் இல்லை.

"அந்தக் குண்டு உருண்டுச்சு பாரு, அதான்..."

"அவன் அம்மாகிட்ட பேசத்தான மலை ஏறினான்?" அவள் திரும்பவே இல்லை.

"உடம்பு பூரா ஓட்டையை வச்சுக்கிட்டு யாராவது மலை ஏறுவாங்களா?"

"சிக்னல் கிடைக்கலன்னா வேற என்ன பண்ணுவான்?"

மெக்கானிக் யோசித்தார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அந்தக் கேள்வியோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை.

வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. அலுவலகம் ஒரு பழைய உயரமான கட்டடம். லிஃப்ட் ஓடவில்லை. மெக்கானிக்குக்குக் கை ஊறியது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் அலுவலகச் சொத்தைத் தொடக் கூடாது என்று காவலாளி தடுத்துவிட்டார். படியேறிப் போனார். ஒவ்வொரு மாடியிலும் ஒரு பிரிவு. கண்ணீர்ப் பிரிவில் எல்லா மேஜையிலும் கைக்குட்டைப் பெட்டி இருந்தது; ஊழியர்கள் அதில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கப் பிரிவில் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தது. சிரிப்புப் பிரிவு கல்லறை மாதிரி அமைதியாக இருந்தது.

மேல்மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் தாடியும் தோள்பையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா சிரிச்சது?"

"ஆமாங்க. நீங்க?"

"படம் என்னுது. நான்தான் இயக்குநர்."

மெக்கானிக் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். அடி விழும் என்றே எதிர்பார்த்தார். இயக்குநர் அடிக்கவில்லை. "மலையிலயா?" என்று மட்டும் கேட்டார்.

"குண்டு உருள்ற இடத்துல."

இயக்குநர் தரையைப் பார்த்தார். "அந்த இடத்தை எழுதும்போது நான் அழுதேங்க. எங்க படக்குழுவுலயும் ஒருத்தர் சிரிச்சார். அன்னிக்கே அவரை வேலைய விட்டு அனுப்பிட்டேன்."

"யாருங்க அவர்?"

"எடிட்டர். அதுக்கப்புறம் யாரும் கத்திரி போடல. அதான் படம் அவ்ளோ நீளம்."

மெக்கானிக்குக்கு மூக்கு வரை சீறல் வந்துவிட்டது. கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டார். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

முதலில் உணர்ச்சிப் பரிசோதனை. இவர் உணர்ச்சிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டுப் படங்களைப் போட்டார்கள். மேற்பார்வைக்குச் சிரிப்புப் பிரிவின் மேலாளர் அம்மா வந்திருந்தார். கஞ்சி போட்ட மாதிரி விறைப்பான முகம்.

"நீங்க சிரிப்புப் பிரிவுன்னு சொன்னாங்க," என்றார் மெக்கானிக், பேச்சுக் கொடுக்கிற மாதிரி.

"ஆமா. இந்த வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து நான் சிரிச்சதே இல்ல. டியூட்டியில சிரிச்சா அது ஒரு தரப்புகிட்ட கைநீட்டி வாங்கின மாதிரி. ஜோக்கைக் கேப்பேன், இந்த இடத்துல ஜனங்க சிரிப்பாங்கன்னு கணக்கு வைப்பேன், கையெழுத்துப் போடுவேன்."

"வீட்ல சிரிப்பீங்களா?"

"வீட்ல எதுக்கு? அங்க யாரும் சான்றிதழ் கேக்கிறதில்லையே."

முதலில் நடுக்கப் படம். பாழடைந்த கட்டடம், நள்ளிரவு, ஒரு பெண் லிஃப்ட்டுக்குள் நுழைகிறாள். அவளுக்குப் பின்னால் தலைவிரி கோலமாக ஒரு பேய். லிஃப்ட் மேலே கிளம்புகிறது. மெக்கானிக் "ஐயையோ!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மேலாளர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"கதவு மூடவே இல்ல! கதவு மூடாம லிஃப்ட் கிளம்புது பாருங்க! யாரும்மா அதைப் பராமரிக்கிறது?"

"பேயைப் பாத்தீங்களா?"

"பேயா? எங்க?"

மேலாளரின் தலையாட்டல் நின்றது. 'பேய்க்கு அஞ்சவில்லை. கதவுக்கு அஞ்சினார்' என்று உதவியாளரிடம் சொல்லி எழுதவைத்தார். அடுத்தது காதல் படம். புல்வெளியின் இந்தக் கோடியிலிருந்து அவனும் அந்தக் கோடியிலிருந்து அவளும் ஓடி வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். பாவம், அந்தப் பெண்ணுக்குச் செருப்பில்லை என்றார் மெக்கானிக். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் வாரியத் தலைவர், ஒரு பக்கம் மேலாளர் அம்மா, இன்னொரு பக்கம் கண்ணீர்ப் பிரிவுக்குப் பொறுப்பான முன்னாள் பேராசிரியர். தலைவர் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்து பேச அவருக்கு வராது என்று பிறகு தெரிந்தது.

"ரசனைன்னா என்ன? அது ஒரு கட்டுப்பாடு. நல்ல படம் ஓடும்போது வாட்சைப் பாக்கணும்னு தோணும். ஆனா பாக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பேர்தான் ரசனை. நான் இந்த நாற்காலிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு படத்தைக்கூட நான் ரசிச்சதில்ல. ரசிச்சா நடுநிலை போயிடும். சாப்பிட்டுப் பாத்துச் சமையலைக் குறை சொல்றவன் சாதாரண ஆளு. சாப்பிடாமலே சொல்றவன்தான் நிபுணன்!"

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார், தட்டாவிட்டால் அதுவும் வழக்கில் சேருமோ என்ற பயம்.

பேராசிரியர் குனிந்து பரிவாகப் பேசினார். "தம்பி, வாரியம் கண்ணீர்ப் படம்னு சொன்னா அது கண்ணீர்ப் படம். வாரியம் தப்புப் பண்ண முடியாது. அதுக்கு விதிகள்ல இடமே இல்ல. அதனால நீங்க சிரிச்சிருக்க வாய்ப்பில்ல. அழுதிருக்கீங்க. துக்கம் ரொம்ப முத்திப்போனா சத்தம் சிரிப்பு மாதிரிதான் கேக்கும். அப்படின்னு ஒரு வரி சொல்லிடுங்க, முடிஞ்சுது."

"சொல்லலன்னா?"

"உங்களுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் இனிமே எந்தத் தியேட்டர்லயும் அனுமதி இருக்காது."

மெக்கானிக் பெரிய வீரர் ஒன்றும் இல்லை. அவருக்கு மடிபடாத துணி ஞாபகம் வந்தது. ஞாயிறு மதியம் இல்லாமல் அவள் எப்படி இருப்பாள்? "அழுதேங்க," என்றார் உடனே. "பொங்கிப் பொங்கி அழுதேன். எனக்கே தாங்கல."

தலைவர் முகத்தில் நிம்மதி பரவியது. ஒரு சம்பிரதாயத்துக்காக, கண்ணால் கண்ட சாட்சியாக மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் வேலை செய்யும் இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கணவர் பக்கம் திரும்பவும் இல்லை.

"உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு அழுதார். சரிதானே?" என்றார் பேராசிரியர்.

"யாரு, இவரா?"

"ஆமா. பொங்கிப் பொங்கி அழுததா அவரே சொல்லிட்டார்."

"பொய்," என்றாள் அவள். "சிரிச்சார். இத்தனை வருஷம் கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா அவர் சிரிப்பு? அழுதவ நான். நான் அழுதுக்கிட்டிருந்தேன், இவர் பக்கத்துல உக்காந்து இடி இடிக்கிற மாதிரி சிரிச்சார். இப்ப அழுதேன்னு சொல்லி என் அழுகையிலயும் பங்கு கேக்கிறாரா?"

மெக்கானிக் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசாமல் வைத்திருந்தது மொத்தமும் கொட்டியது. "அவருக்கு அது சிரிப்பா இருந்துச்சு. சரி. போகட்டும். ஆனா என்னைத் தனியா விட்டுட்டாரேன்னுதான் எனக்குக் கோவம். அதுக்கு உங்க சான்றிதழ் என்னங்க பண்ணும்?"

மேஜையைச் சுற்றி முணுமுணுப்பு. ஒரே இடத்தில் ஒருத்தி அழுதிருக்கிறாள், ஒருத்தர் சிரித்திருக்கிறார், இரண்டும் நிரூபணமாகிவிட்டது. விதிகளில் இதற்கும் இடமில்லை. வேறு வழியில்லாமல் அந்தக் காட்சியை வாரியமே மறுபடி பார்ப்பது என்று முடிவானது.

விளக்கை அணைத்தார்கள். மலை வந்தது. உறுப்பினர்கள் திரையைப் பார்க்கவில்லை. அந்த மங்கிய வெளிச்சத்தில் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள், அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் சாயலாம் என்று. தலைவர் கண்களை மூடியிருந்தார். குண்டு உருளத் தொடங்கியபோது அவர் தொண்டையிலிருந்து "ஹ்ம்க்" என்று ஒரு சத்தம் வந்தது. உடனே படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

"தலைவர் விம்மினார்!" என்றார் பேராசிரியர்.

"இல்ல, தலைவர் சிரிச்சார். கடைசியில ஒரு 'க்' வந்துச்சு. அது எங்க பிரிவு எழுத்து," என்றார் மேலாளர்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காபி வந்தாச்சா?" என்று கேட்டார். அவர் விம்மினாரா, சிரித்தாரா, குறட்டை விட்டாரா என்று அவரிடமே கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. விவாதம் மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போனது. ஒரு கட்டத்தில் மேலாளரும் பேராசிரியரும் மாறி மாறி "ஹ்ம்க்", "ஹ்ம்க்" என்று செய்து காட்டிக்கொண்டார்கள். வராந்தாவில் காத்திருந்த இயக்குநர் உள்ளே யாருக்கோ விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தீர்ப்பு வந்தது. தலைவர் எழுந்து நின்று அறிவித்தார்: படம் கண்ணீர்ப் படமும் ஆகும், சிரிப்புப் படமும் ஆகும், இரண்டையும் கலப்பதுதான் குற்றம். எனவே இந்தப் படம் ஓடும் அரங்குகளில் நடுவே கயிறு கட்ட வேண்டும். இடது பக்கம் அழுகிறவர்கள், வலது பக்கம் சிரிக்கிறவர்கள். பக்கம் மாறினால் வெளியேற்றம். "வாரியம் தப்புப் பண்ணலன்னு இதனால நிரூபணமாகுது," என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்த ஞாயிறு இருவரும் போனார்கள். போகலாமா என்று அவர்தான் கேட்டார். "ம்," என்றாள். அந்த 'ம்'மையே அவர் வழியெல்லாம் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

வாசலிலேயே பிரித்துவிட்டார்கள். அவளை இடது பக்கம் அனுப்பினார்கள், இவரை வலது பக்கம். நடுவில் தடித்த கயிறு. கூட்டம் நிரம்பி வழிந்தது. வழக்கின் பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்தது. ஆனால் வலது பக்கம் உட்கார்ந்த மெக்கானிக்குக்குச் சிரிப்பே வரவில்லை. பெயர் போடும்போதே எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கதாநாயகன் தண்ணீர் குடித்தால் சிரித்தார்கள், கதவைத் திறந்தால் சிரித்தார்கள். கண்காணிப்பாளர் டார்ச்சோடு வரிசை வரிசையாக வந்து வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். மெக்கானிக் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடை வலித்தது. இப்படி ஒரு சலிப்பை அவர் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

மலை வந்தது. அவர் திரையை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். இடது பக்கத்தில் எல்லோரும் ஓவென்று அழுதுகொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் நெஞ்சில் அடித்துக்கொண்டே, டார்ச் வெளிச்சம் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் குரலை உயர்த்தினார். போனதும் பாக்கெட்டிலிருந்து கடலையை எடுத்து மென்றார். மறுபடி வெளிச்சம் வர, வாய் நிறையக் கடலையோடு "ஐயோ மகனே!" என்றார்.

அவள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பாவம், அழுகிறாள் என்று மெக்கானிக் நினைத்தார். அவள் தலையைத் திருப்பிக் கயிற்றின் மேலாக அவரைத் தேடினாள். கண்கள் சந்தித்தன. அது அழுகை இல்லை.

அவருக்கு மூக்கு வழியாக ஒரு சீறல் வந்தது. கொஞ்சம் அமைதி. அப்புறம் இடி. வலது பக்கத்தில் இருந்ததால் அவருக்கு அனுமதி உண்டு. ஆனால் இடது பக்கத்திலிருந்து அவளும் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சத்தமாகச் சேர்ந்துகொண்டாள். டார்ச் அவள் மேல் விழுந்தது. "இவங்க மட்டும் எப்படிங்க வெளிய போவாங்க, நானும் வரேன்," என்று மெக்கானிக் கயிற்றைத் தாண்டினார். கயிற்றைத் தாண்டியது தனிக் குற்றம். இருவரையும் சேர்த்தே தெருவில் விட்டார்கள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "ஐயோ மகனே," என்றாள். உடனே மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கடலையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

"வயிறு வலிக்குதுங்க."

எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்கள். கடை நடத்தும் அம்மா பாத்திரத்தின் மேல் குனிந்திருந்தார். பெஞ்சில் அதே தாடி, அதே தோள்பை. இயக்குநர்.

"நீங்க உள்ள போகலயா?" என்றார் மெக்கானிக்.

"விடல. என் படத்தைப் பாத்து நான் அழுவேனா சிரிப்பேனான்னு கேட்டாங்க. ரெண்டும் இல்ல, பயம்தான் வரும்னேன். நடுவுல சீட் இல்லன்னுட்டாங்க." டம்ளரைக் கையில் உருட்டினார். கூட்டம் நிரம்பி வழிவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் அதற்கான சந்தோஷம் எதையும் காணோம். கொஞ்சம் தயங்கி, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார். "உண்மையச் சொல்லுங்க. படம் எப்படிங்க?"

மெக்கானிக் அவசரமாக இரண்டு டீ சொன்னார். விசாரணை அறையில்கூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. உதவிக்கு மனைவியைப் பார்த்தார்.

அவள் இயக்குநருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அதை விடுங்க. ரெண்டு தடவையும் மலையிலயே எங்களை வெளிய தள்ளிட்டாங்க. மேல போனானா? அம்மாவுக்குப் போன் கிடைச்சுதா, இல்லையா?"

இயக்குநர் அவளையே பார்த்தார். படம் வெளிவந்த நாளிலிருந்து பேராசிரியர்கள், மேலாளர்கள், கண்காணிப்பாளர்கள் என்று எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் பேசியாயிற்று. அப்புறம் என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்டதில்லை.

"சொல்லட்டுமா, நடிச்சே காட்டட்டுமா?" என்றார்.

"நடிச்சுக் காட்டுங்க."

அவர் தோள்பையைக் கழற்றி வைத்தார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் மேல் ஒரு காலை வைத்து, முழங்கால் நடுங்க நடுங்க மலையேறினார். பெஞ்சு கிறீச்சிட்டது. தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். மெக்கானிக்கின் உதடு துடிக்கத் தொடங்கியது. மனைவி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நரம்பு தேடுகிற பிடி. ஆனால் அவள் கண்கள் பெஞ்சை விட்டு அசையவில்லை. அவை நிறைந்துகொண்டு வந்தன.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்த இயக்குநர் காலி டம்ளரைக் காதில் வைத்தார்.

"ஹலோ... அம்மா?" என்றார்.

அடுப்பின் முன் குனிந்து டீ கலக்கிக்கொண்டிருந்த கடைக்கார அம்மா, யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தலையைத் தூக்காமலே சொன்னார்:

"சொல்லுப்பா."